பதுக்கு நினைவகமும் மீத்தரவும்

கணினியின் செயலி ஒரு நானோ நொடிக்குள் சில கூட்டல்களைச் செய்து முடித்துவிடும். நானோ நொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால், கூட்ட வேண்டிய எண்ணை முதன்மை நினைவகத்திலிருந்து பெறுவதற்கு ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது. சுழலும் வன்தட்டிலிருந்து பெறுவதாயின் 10 மில்லி நொடி, அதாவது ஒரு கோடி நானோ நொடிகூட ஆகலாம். கொத்தனார் எத்துணைத் திறமையானவராயினும் சித்தாள் கல் கொண்டுவரும் வேகத்திலேயே சுவர் எழும்பும். அதனால்தான் சாரத்தின்மீதே கொஞ்சம் கல்லை அடுக்கி வைத்துக்கொள்கின்றனர். அவ்வாறே செயலியின் அருகில், அடுத்துத் தேவைப்படும் தரவின் நகலை வைத்திருக்கும் சிறிய, விரைவான நினைவகமே பதுக்கு நினைவகம். 'கேச்' என்பது அதன் வழக்குப் பெயர்.

இக்கருத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரையில் முன்வைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 என்னும் கணினி, அதனை வணிக முறையில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதன் பதுக்கு நினைவகத்தின் கொள்ளளவு 16 முதல் 32 கிலோபைட் வரைதான். 'கேச்' என்ற சொல் மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. நிரல் எழுதுபவரின் கண்ணில் படாமலே அது இயங்குவதால் பெயர் பொருத்தமானதே. தமிழில் பதுக்கல் என்றதும் கிடங்கில் மறைத்த அரிசி மூட்டைகள்தாம் நினைவுக்கு வரும். இங்கே பதுக்கப்படுவதோ கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதற்காக.

இத்துணைச் சிறிய இடம் எவ்வாறு போதுமானதாகிறது? நிரல்களின் இயல்பே அதற்குக் காரணம். ஒரு மடக்கில் உள்ள கட்டளைகள் மீண்டும் மீண்டும் இயக்கப்படுகின்றன. ஓர் அணியின் முதல் உறுப்பைப் படித்த நிரல் பெரும்பாலும் இரண்டாம் உறுப்பையே அடுத்து நாடுகிறது. தேடிய தரவு பதுக்கு நினைவகத்தில் இருந்தால் 1 நானோ நொடி, இல்லையேல் கூடுதலாக 100 நானோ நொடி எனக் கொள்வோமாயின், நூற்றுக்கு 97 முறை கிடைக்கும்போது சராசரி நேரம் 4 நானோ நொடி. நூற்றுக்கு 99 முறை கிடைத்தால் அது 2 நானோ நொடியாகப் பாதியாகிறது. இரண்டே விழுக்காட்டு வேறுபாடு வேகத்தை இரட்டிப்பாக்குகிறது என்பது வியப்புக்குரியது.

நகலை வைத்தால் மட்டும் போதாது. அது எந்த முகவரிக்கு உரிய நகல் என்பதும் தெரிய வேண்டும். இதற்காக ஒவ்வொரு நகலுடனும் ஓர் அடையாளக் குறிப்பு சேர்த்து வைக்கப்படுகிறது. தரவைப் பற்றிய இத்தகைய தரவே மீத்தரவு. மீத்தரவுக்கும் இடம் வேண்டும். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 8 பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனியே 36 பிட் குறிப்பு வைத்தால், சரக்கைவிடச் சீட்டு பெரிதாகிவிடும். ஆகையால், இன்றைய கணினிகள் பலவற்றில் 64 பைட்டுகள் சேர்ந்து ஒரு வரிசையாகின்றன. ஒரு வரிசைக்கு ஒரு குறிப்பே போதும். 32 கிலோபைட் நினைவகத்தில் 512 வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 36 பிட் முகவரிக் குறிப்பு, அது செல்லுமா என்பதைக் காட்ட ஒரு பிட், மாற்றப்பட்டதா என்பதைக் காட்ட ஒரு பிட் எனக் கணக்கிட்டால் 2,432 பைட்டுகள் ஆகின்றன. தரவின் அளவில் இது ஏறத்தாழ 7.4 விழுக்காடு.

இடம் நிரம்பியபின் புதியது வர வேண்டுமாயின் பழையது ஒன்று வெளியேற வேண்டும். இனி நெடுங்காலம் தேவைப்படாத ஒன்றை வெளியேற்றுவதே மிகச் சிறந்த வழி என்று 1966இல் பெலாடி என்பவர் காட்டினார். ஆனால், அதற்கு வருங்காலம் தெரிந்திருக்க வேண்டும்! கணினிக்குத் தெரிந்தது கடந்த காலம் மட்டுமே. ஆதலால், நெடுநேரமாக எவரும் தொடாததை வெளியேற்றும் முறையோ அதற்கு நெருங்கிய ஒன்றோ பெரிதும் கையாளப்படுகிறது.

படிப்பதைவிட எழுதுவதே சிக்கலானது. நகல் மாறிவிட்டது, மூலம் பழையதாகவே இருக்கிறது என்னும் நிலையில் எது உண்மை? மேற்கூறிய மாற்றப் பிட்தான் அதனைச் சொல்கிறது. அப்பிட் இடப்பட்ட வரிசையை மூலத்தில் எழுதாமல் வெளியேற்றலாகாது.

இதே ஏற்பாட்டை இயக்க அமைப்பும் பின்பற்றுகிறது. வன்தட்டு மெதுவானது என்பதால், 'சேமி' என்று கட்டளையிட்டவுடன் கோப்பு பெரும்பாலும் முதன்மை நினைவகத்திலேயே தங்குகிறது. லினக்ஸ் இயக்க அமைப்பின் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 30 நொடி வரை அது அங்கே காத்திருக்கலாம். அதற்குள் மின்சாரம் நின்றால், திரையில் சேமிக்கப்பட்டதாகத் தோன்றிய பக்கம் தட்டில் இராது.

தட்டிலும் மீத்தரவு உண்டு. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்னும் குறிப்பு இருக்கிறது. உரிமையாளர், அளவு, மாற்றிய நேரம், உள்ளடக்கம் தட்டில் எங்கெங்கே இருக்கிறது என்பன அதில் அடங்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இல்லை; அது கோப்புறையில் இருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் ஐநோடின் இயல்பான அளவு 256 பைட்டுகள். அச்சிறு குறிப்பு சிதைந்தால் பல நூறு பக்க ஆய்வேடு தட்டில் முழுமையாக இருந்தும் பயனில்லை. பட்டியல் தொலைந்த பெரிய நூலகத்தில் ஒரு நூலைத் தேடும் நிலைதான்.

இதனைத் தவிர்க்கவே, மீத்தரவில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னரே உரிய இடத்தில் எழுதும் முறை உருவாயிற்று. 2001இல் லினக்ஸில் இணைந்த எக்ஸ்ட்3 இம்முறையைக் கொண்டது. இடையில் மின்சாரம் நின்றாலும், மீண்டும் இயங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து அரைகுறை வேலையை முடிக்கலாம் அல்லது விட்டுவிடலாம்.

மாணவர்கள் செயல்திட்டங்களை எடுத்துச் செல்லும் பென் டிரைவ்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. அவற்றில் பரவலாக உள்ள ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய கோப்பு அமைப்புகளில் குறிப்பேடு கிடையாது. இட ஒதுக்கீட்டு அட்டவணை பாதி எழுதப்பட்ட நிலையில் பிடுங்கினால், அப்போது நகலெடுத்த கோப்பு மட்டுமன்றி முன்பே இருந்த கோப்புகளும் திறக்காமல் போகக்கூடும். பென் டிரைவை எடுக்குமுன் 'பாதுகாப்பாக நீக்கு' என்பதைச் சொடுக்கும்போது, இயக்க அமைப்பு தன்னிடம் தேங்கியுள்ள தரவையும் மீத்தரவையும் முழுவதும் எழுதி முடிக்கிறது. அதன் பின்னரே எடுக்கலாம் என்ற அறிவிப்பு தோன்றுகிறது.