சமவெளியிலிருந்து பனிமலைக்கு

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குத் தலமோ ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளி ஏறத்தாழக் கால்பங்கு குறைகிறது. எனவே, சமவெளியில் வாழ்வோர் சென்ற நாளிலேயே சறுக்க முனைதல் தகாது. முதல் நாள் ஓய்வு இன்றியமையாதது. தலைவலியும் குமட்டலும் மிகுந்தால், மேலே செல்லாது கீழிறங்குவதே உயிர்காக்கும் வழியாகும்.

ஆயத்தம் ஊரிலேயே தொடங்க வேண்டும். சறுக்குபவர் முழங்கால்களைச் சற்று மடக்கியே நிற்பதால், தொடைத்தசைகள் வலுப்பெறுதல் வேண்டும். திண்டுக்கல் மலைக்கோட்டையில் சில வாரங்கள் ஏறியிறங்குவது இதற்கேற்ற பயிற்சி. ஏறும்போது மூச்சும் இறங்கும்போது தொடையும் பழகும்.

திண்டுக்கல் வெயிலுக்கு இதமான பருத்தியாடை, பனியில் பகையாகும். அது வியர்வையை உறிஞ்சி, ஈரம் உலராமல் உடல்வெப்பத்தைக் கவரும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளியாடை அணிவதே பொருத்தம். பனிப்பரப்பு புறஊதாக் கதிர்களை மிகுதியாக எதிரொளிப்பதால், கண்களுக்குக் காப்புக் கண்ணாடி தேவை.

களத்தில் முதலில் கற்க வேண்டியது விரைதல் அன்று, நிற்றல். சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் தணியும். நிற்கக் கற்றவருக்கே சரிவு வசப்படும்.