வாங்கின கேமே ஆடி முடியல... கண்ணில் படாத நல்ல 'இண்டி' கேம்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் வீடியோ கேம், 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா கேம்ஸ் விருது விழாவில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. ஆவி போகும் ஓட்டைகள் அடைபடாமல் இட்லித் தட்டை அடுக்குவதுதான் அதன் ஆரம்பப் புதிர். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டை வைத்து ஒவ்வொரு பதார்த்தமாகச் செய்து பார்க்க வேண்டும். கேமின் பெயர் 'வெண்பா'. டொரோண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது.

இப்போதுதான் முதல்முறையா கேள்விப்படுறீங்களா? ஆச்சரியமில்லை. நம்ம வீட்டுக் கதையே நம்ம கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இருக்கு. அது என்னன்னு பார்க்கலாம்.

இண்டி கேம் என்றால் என்ன?

பெரிய நிறுவனத்தின் பணமோ கட்டுப்பாடோ இல்லாமல், ஒரே ஒருவரோ சிறு குழுவோ உருவாக்கும் கேம்தான் இண்டி. விளம்பரத்துக்குச் செலவழிக்க இவர்களிடம் பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டு, மூன்று வருட உழைப்பு வீணாகாமல் இருக்க, யாராவது ஒருவர் பார்த்து நாலு பேரிடம் சொல்ல வேண்டும்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

கம்ப்யூட்டர் கேம்களுக்கான பெரிய ஆன்லைன் கடை ஸ்டீம். 100 டாலர் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அதில் கேம் வெளியிடலாம். 2017-ல் இந்த முறை வந்தது. 2024-ல் மட்டும் 18,000-க்கும் அதிகமான கேம்கள் அங்கே வெளியாகின. சராசரியாக ஒரு நாளைக்கு சுமார் 50!

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முகூர்த்தம் இல்லாத நாளில் வரத்து கூடிவிட்டால், நல்ல மல்லிகைக்கும் விலை கிடைக்காது. பூவில் குறை இல்லை, வந்து இறங்கிய நாள் அப்படி. கேம் கடையிலும் இதே நிலைமைதான். ஒரே வித்தியாசம், மல்லிகை மறுநாளே வாடிடும், கேம் வாடாது.

'அமங் அஸ்' அதற்கு நல்ல உதாரணம். 3 பேர் கொண்ட குழு 2018-ல் வெளியிட்ட கேம் அது. முதல் இரண்டு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 லாக்டவுனில் ஸ்ட்ரீமர்கள் கையில் எடுத்ததும் உலகமே விளையாடியது.

வாங்கியும் ஆடாமல் கிடப்பது ஏன்?

பிரச்சினையின் இன்னொரு பாதி நம்மிடம் இருக்கு. ஆஃபர் போட்டதும் வாங்கி வச்சிடுறோம், பிறகு திறப்பதே இல்லை. ஸ்டீம் கணக்குகளில் இருந்த கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூட திறக்கப்படவில்லை என்று 2014-ல் ஆர்ஸ் டெக்னிக்கா இணையதளம் நடத்திய ஆய்வு காட்டியது. இந்தக் குவியலைப் பார்த்தாலே மலைப்பு வரும். கடைசியில் பழகின கேமையே மறுபடியும் ஆடுவோம். புதுசா வந்த சின்ன கேமுக்கு அங்கே இடமே இருக்காது.

தேடிப் பிடிக்க என்ன செய்யலாம்?

* டெமோ பாருங்க: ஆண்டுக்கு 3 முறை 'ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நடக்கும். வரப்போகும் கேம்களின் டெமோவை இலவசமாக ஆடலாம்.

* விஷ்லிஸ்ட்டில் போடுங்க: பிடித்ததை உடனே வாங்க வேண்டாம். விஷ்லிஸ்ட்டில் சேர்த்தால், விலை குறையும்போது தகவல் வரும்.

* ரீஃபண்ட் விதி தெரிஞ்சுக்கோங்க: ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூகுள் பிளேயில் வாங்கிய கேமுக்கு 48 மணி நேரத்துக்குள் கேட்கலாம்.

* போன் மட்டும்தான் இருக்கா? 'இட்ச்' தளத்தில் பிரவுசரிலேயே ஓடும் இலவச இண்டி கேம்கள் நிறைய உண்டு. அவற்றில் சில போனிலும் ஓடும்.

* பிடித்த கேமை உருவாக்கியவரைத் தேடுங்க: அவருடைய பழைய கேம்கள் பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும்.

ஏற்கெனவே குவிந்ததை என்ன செய்வது?

எல்லாத்தையும் முடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. அது வட்டி ஏறும் கடன் கிடையாது. குவியலில் இருந்து சின்ன கேம் ஒன்றை எடுத்து அரை மணி நேரம் ஆடிப் பாருங்க. பிடிக்கவில்லையா, தயங்காமல் அடுத்ததுக்குப் போங்க. இண்டி கேம்களில் பல, சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். 'வெண்பா'வை ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். பெரிய கேம் ஒன்றுக்கு செலவாகும் நேரத்தில் இப்படி பத்து கேம் பார்க்கலாம்.

ஆடி முடித்ததும் செய்ய வேண்டியது

பிடித்திருந்தால் இரண்டு வரி விமர்சனம் எழுதுங்க. குறைந்தது 10 விமர்சனங்கள் சேர்ந்த பிறகுதான், ஒரு கேமுக்கு வரவேற்பு எப்படி என்ற மதிப்பீட்டை ஸ்டீம் காட்டும். லட்சம் பேர் ஆடும் கேமுக்கு உங்கள் இரண்டு வரி ஒரு பொருட்டே இல்லை. ஏழெட்டு பேர் மட்டுமே எழுதியிருக்கும் கேமுக்கு, அடுத்த ஆளின் கண்ணில் படுமா படாதா என்பதே அதில் இருக்கு.