நோயின் பெயருக்கு அல்ல, பாதிப்பின் அளவுக்கே சான்றிதழ்!

காலையில் கடை திறந்தால் இரவு சாத்தும் வரை கல்லாவிலேயே அமர்ந்திருப்பவர்கள் நாம். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் நம்மில் பலருக்கு உண்டு. அவற்றால் ஒரு காலை இழந்த பிறகும், பக்கவாதத்தில் முடங்கிய பிறகும், "மாற்றுத்திறனாளி சலுகையெல்லாம் பிறவிக் குறை உள்ளவர்களுக்குத்தானே" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது தவறு. இடையில் வந்த பாதிப்புக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை 21 ஆக உயர்த்தியது. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளுடன் மனநோய், ஆட்டிசம், தசைச் சிதைவு, பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா போன்றவையும் இப்போது பட்டியலில் உள்ளன.

கவனிக்க வேண்டியது ஒன்று. சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை பட்டியலில் இல்லை. ஆனால் சர்க்கரையால் காலை எடுக்க நேர்ந்தாலோ, இரு கண்களிலும் பார்வை மங்கினாலோ, அந்த இழப்பு கணக்கில் வரும். பக்கவாதத்தால் கை கால் விழுந்தாலும், பேச்சு போனாலும் அப்படியே. பெரும்பாலான சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மட்டும் போனால், பொதுவாக இந்த அளவை எட்டாது.

வணிகர்களுக்கு உடனே பயன்படுவது வருமான வரிக் கழிவு. பழைய வரி முறையில் கணக்குக் கொடுப்பவர், 40 சதவீதப் பாதிப்பு இருந்தால் வருமானத்தில் ரூ.75,000-மும், 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ரூ.1,25,000-மும் கழித்துக்கொள்ளலாம். நம்மைச் சார்ந்து வாழும் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோரைப் பராமரிப்பதற்கும் இதே அளவு கழிவு உண்டு. புதிய வரி முறையில் இவை கிடையாது; எது இலாபம் என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சான்றிதழுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் இணையம் வழியே விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகே சதவீதம் கணிப்பார்கள். எனவே மருத்துவமனைச் சீட்டுகளைக் கொள்முதல் பில் போலப் பத்திரப்படுத்துங்கள்.

நம் கடையில் மூட்டை சுமந்து முதுகுத்தண்டில் அடிபட்ட தொழிலாளிக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அவருக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். ஒரு நாள் விடுப்புக் கொடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரை அனுப்பி வையுங்கள்.