கூரைப் பீலியும் இறங்குகுழாயும்

மாரி தொடங்கியதும் தாழ்வாரத்தினின்று வடியும் நீர் ஒரே கோட்டில் ஓயாது வீழ்ந்து நிலத்தைக் குழியாக்கும். அங்கிருந்து தெறிக்கும் சேறு சுவரின் அடியை ஊறச் செய்யும். மண்சுவராயின் கரையும், கற்சுவராயினும் ஈரம் உள்ளே ஏறும். அச்சுவரோடு அணைத்து அடுக்கிய நெல் மூடைகளிற் பூஞ்சணம் பிடிக்கும். விதைக்கென வைத்த நெல்லாயின் முளைதிறன் குன்றும். இவ்வாறு வீட்டுக்குக் கேடு செய்து ஓடிய நீரே, ஆடி ஆவணியில் கிணறு உவர்க்கும்போது மிளகாய் நாற்றுக்கும் அடுக்களைக்கும் கிடையாமற் போகின்றது.

பீலி பொருத்திய வீடுகளிலும் இக்குறை முற்றாக நீங்குவதில்லை. தகரவேலைகாரரின் கையிலுள்ள தகட்டின் அகலமே பல இடங்களிற் பீலியின் அளவைத் தீர்மானிக்கின்றது. பீலியின் அளவுக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை கணக்கன்று. மிகக் கடுமையாகப் பெய்யும் சில நிமிடங்களே கணக்கு. மணிக்கு 150 மில்லிமீற்றர், அதாவது 6 அங்குலம், என்னும் வேகத்தை ஏற்கக்கூடிய பீலியே எமது மாரிக்குப் பொருந்தும்.

அரைவட்டப் பீலி ஒன்று மட்டமாகப் பொருத்தப்பட்டு, ஒரு முனையில் மட்டும் நீர் இறங்குமாயின், அவ்வேகத்தில் 4 அங்குலப் பீலி ஏறக்குறைய 200 சதுர அடிக் கூரையின் நீரைத் தாங்கும். 5 அங்குலப் பீலி 350 சதுர அடிக்கும், 6 அங்குலப் பீலி 550 சதுர அடிக்கும் போதும். அகலம் ஓரங்குலம் கூடும்போது கொள்திறன் எவ்வளவு கூடுகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

ஓர் உதாரணம் நோக்குக. 30 அடி நீளமான ஓட்டுக்கூரையின் ஒரு பக்கம், முகட்டின் நேர்கீழிருந்து தாழ்வார விளிம்புவரை நிலமட்டத்தில் 12 அடி எனக் கொள்வோம். பரப்பு 360 சதுர அடி. சாய்வான கூரையிற் காற்றோடு சாய்ந்து வரும் மழையும் படுமாதலால், 30 பாகைச் சாய்வுக்குப் பத்தில் மூன்று பங்கு கூட்டுதல் வேண்டும். ஏறக்குறைய 465 சதுர அடியாகும். இதற்கு 6 அங்குலப் பீலி வேண்டும். இரு முனைகளிலும் குழாய் இறக்கினால் ஒவ்வொரு பாதிக்கும் 233 சதுர அடியே. அப்போது 5 அங்குலம் போதும், 4 அங்குலம் போதாது. நீரைத் தாங்கியிற் சேர்க்க விரும்புவோர் ஒரே மூலைக்கு நீரைக் கொணர வேண்டியிருத்தலின், பெரிய பீலியே அவர்க்கு உகந்தது.

இறங்குகுழாய் ஒடுங்கியதாயின் பீலியின் அகலத்தாற் பயனில்லை. 4 அங்குலப் பீலிக்கு 63 மில்லிமீற்றர்க் குழாயும், 5 அங்குலத்துக்கு 75 மில்லிமீற்றரும், 6 அங்குலத்துக்கு 90 மில்லிமீற்றரும் பொருத்துக.

10 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் விடுதல் நன்று. நீர் தேங்கும் பீலி நுளம்பு பெருகும் இடமாகும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளித்தல் குற்றமுமாகும். நிரம்பிய 30 அடி நீள 6 அங்குலப் பீலியில் 80 கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் இருக்குமாதலால், இரண்டடிக்கு ஒன்றாக இரும்புக் கொளுக்கிகள் வேண்டும். ஆணியும் கம்பியும் போதா. பனங்குற்றியைப் பிளந்து குடைந்த பீலி கனத்தது. அதற்குக் கவர்க்கால் நாட்டுதலே முறை.

மேற்கூறிய கூரைப்பக்கத்தில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால், வீணாவது ஐந்திலொரு பங்கு போக, ஏறக்குறைய 650 லீற்றர் நீர் சேரும். 5000 லீற்றர்த் தாங்கி நிரம்ப 190 மில்லிமீற்றர் மழை போதும். வடபகுதியிற் கார்த்திகை மாதம் ஒன்றிலேயே இதனினும் கூடுதலாகப் பெய்வது வழமை. ஒவ்வொரு மழையிலும் முதல் 20 லீற்றரைத் தாங்கிக்குள் விடாது வெளியேற்றுக. கூரையிலுள்ள தூசும் பறவை எச்சமும் அதனோடு நீங்கும். தாங்கியின் வாய்க்கு நுளம்புவலை கட்டுக.

வேப்பஞ் சருகும் முருங்கையிலையும் பீலியை விரைவில் அடைக்கும். ஆதலாற் புரட்டாதியில் ஒரு முறையும், மாரியிடையே மழை ஓய்ந்த நாட்களிலும் பீலியைத் துப்புரவு செய்தல் வேண்டும்.