பூட்டுக்கேற்ற சாவி

தகவல் துளி!

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டின் சாவி பொருந்தாது. பூச்சிகளிலும் அப்படியொரு கதை உண்டு, நேயர்களே!

ஓடைக்கரையில் விளக்கைப் போட்டால், சில சமயம் அந்துப்பூச்சி போல மொய்ப்பவை கேடிஸ் பூச்சிகள். இறகெல்லாம் மயிர் படர்ந்திருப்பதால், கிரேக்க மொழியில் 'மயிர் இறகி' என்று பொருள்படும் டிரைகாப்டிரா வரிசையில் இவற்றைச் சேர்த்தார்கள். இவற்றில் மிகச் சிறியவை ஹைட்ராப்டிலிடே குடும்பம். பெரும்பாலானவை 2 முதல் 4 மில்லிமீட்டர்தான், ஓர் எள்ளளவு!

இவற்றின் புழு தண்ணீரில் வளரும். நான்கு பருவம்வரை வெற்றுடம்போடு திரியும். ஐந்தாவது பருவத்தில், தானே நூற்ற பட்டால் மணிபர்ஸ் போலத் தட்டையான கூடு கட்டிக்கொள்ளும். சில இனங்கள் அதன்மேல் மணல் துகள்களையும் ஒட்டும். பாசி இழையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுவதே பலவற்றின் சாப்பாடு.

சரி, எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்ப முடியாது. ஆண் பூச்சியின் வால்நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து, உடலின் வெளிக்கூடு தெளியும். நுண்ணோக்கியில் அதன் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து, பல கோணங்களில் வரைவார்கள். இனத்துக்கு இனம் அதன் வடிவம் வேறு. சாவியின் பல்வரிசை போல! புதிய இனமென்றால், அதன் மூல மாதிரியைப் பெரும்பாலும் எத்தனாலில் இட்டு அருங்காட்சியகத்தில் காப்பார்கள்.

அடுத்த முறை திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை ஓடையில் கல்லைப் புரட்டினால், உற்றுப் பாருங்கள். பார்த்த பிறகு, கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்!