உஷார்! பாட்டு ஜோராகக் கேட்கிறது... ஒயரைப் பார்த்தீர்களா?

காரில் புது செட் போட்டுவிட்டீர்களா? டிக்கியில் சப்வூஃபர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர், நாலு கதவிலும் ஸ்பீக்கர். எல்லாம் சரி. சாவியைத் திருப்பும் முன் ஒரு நிமிஷம் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடிமனாக ஓர் ஒயர் கிளம்பி உள்ளே போகும். அந்த ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள், ஃபியூஸ் இருக்கிறதா?

இல்லையா? இன்றைக்குக் காரை எடுக்காதீர்கள்.

மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் பக்கம் ஓர் இளைஞர், பெயர் வேண்டாம், செகண்ட் ஹேண்டில் சின்னக் கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு ஆம்ப், சப்வூஃபர் எல்லாம் ஏற்றினார். ஃபிட்டிங் கூலியில் அடித்துப் பேரம் பேசினார். கடைக்காரரும் குறைத்தார். கூலியோடு சேர்த்து ஒரு ஃபியூஸ் ஹோல்டரையும், சில ரூபாய் ரப்பர் வளையத்தையும் குறைத்துவிட்டார்.

சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. பாட்டு அதிர்ந்தது. பிறகு ஒருநாள் மனைவி, கைக்குழந்தையோடு பழநி போய்த் திரும்பும்போது காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஏசியை அணைத்தார். வாடை போகவில்லை. காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழிருந்து புகை. வண்டியை ஓரங்கட்டிச் சாவியைப் பிடுங்கினார்.

புகை நிற்கவில்லை!

எப்படி நிற்கும்? ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயர் சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரியிலிருந்து நேரடி. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாலும் அதில் கரன்ட் இருக்கும். பின்னால் வந்த லாரி டிரைவர் ஸ்பேனரோடு ஓடிவந்து பேட்டரி முனையைக் கழற்றினார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரியாதவர் வந்திருந்தால்?

நடந்தது இதுதான். இன்ஜின் பக்கத்தையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்திருக்கிறார்கள். ஓட்டையின் விளிம்பில் ரப்பர் க்ரோமெட் போடவில்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அந்தக் கூர்விளிம்பு ஒயரின் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. உள்ளே இருந்த கம்பி தகட்டைத் தொட்டதும் ஷார்ட். 12 வோல்ட்தானே என்று இளப்பமாக எண்ணாதீர்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் அடுப்புக்கம்பி போலப் பழுத்துவிடும்.

"ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கே?" என்று கேட்பார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற. நடுவில் நாலைந்து மீட்டர் ஒயர் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிறதே, அதை யார் காப்பாற்றுவது?

இதில் பயங்கரம் எது தெரியுமா? ஃபியூஸ் இல்லாத செட்டும் அருமையாகப் பாடும். குறை காதுக்குத் தெரியவே தெரியாது. கடையில் நின்று இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, "சூப்பர்ணா" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

குனிந்து பாருங்கள். முதலில் ஒயரின் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அது அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். அலுமினியம் செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் கடத்தும். செம்புக்குச் சொன்ன அளவில் இதைப் போட்டால் சுடும். விலை மலிவு என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். கேஜ் கணக்கிலும் ஏமாறாதீர்கள். எண் குறையக் குறையத்தான் ஒயர் தடிமன்: 8 கேஜை விட 4 கேஜ் தடி. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபியூஸ் அளவு ஒயரின் தாங்கும் சக்தியைத் தாண்டவே கூடாது.

அடுத்தது ஆம்ப்பின் எர்த் ஒயர். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரைத் தாங்குகிற போல்ட் அது. அதில் கை வைக்கலாமா?

பின் சீட்டைத் தூக்கி டிரில் போடுகிறார்களா? கத்தி நிறுத்துங்கள்! பெரும்பாலான சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் அந்த சீட்டுக்கு நேர் கீழேதான். ட்வீட்டர் வைக்க முன்கண்ணாடி ஓரத் தூணைக் கழற்றுகிறார்களா? கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அந்தப் பை அதை ஒட்டித்தான் மடிந்திருக்கும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை கண்டால் அது ஏர்பேக் ஒயரிங். டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்திப் பார்க்கக் கூடாது. பேட்டரி மைனஸைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துத்தான் அந்தப் பக்கமே போக வேண்டும். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் யாரையும் விடாதீர்கள். அதில் ஓடுவது 12 வோல்ட் இல்லை.

இனி ஆபத்துக்கான அறிகுறிகளைப் பாருங்கள். பாஸ் இடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறதா? கரன்ட் போதவில்லை; ஒயரோ எர்த்தோ பேட்டரியோ திணறுகிறது. ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டால் சுடுகிறதா? இணைப்பு தளர்ந்திருக்கிறது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? ஆம்ப்பை எழுப்பும் நீல ரிமோட் ஒயரைச் செட்டில் கொடுக்காமல் நேரடி கரன்ட்டில் கொடுத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஆம்ப் தூங்காமல் பேட்டரியை உறிஞ்சும். இன்ஜின் வேகத்தோடு ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம் ஏறுகிறதா? எர்த்தைச் சந்தேகியுங்கள். மழைக்குப் பிறகு மேட் நனைகிறதா? கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டார்கள். கருகல் வாடை வந்தால் காரணம் ஆராயாதீர்கள். நிறுத்துங்கள்.

ஒயரிங் சரி என்றால் மட்டும் ட்யூனிங். இங்கேதான் பையன்கள் காசைக் கரியாக்குகிறார்கள். ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுசாகத் திருகிவிடுவார்கள். அது செட்டின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு. அளவு மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். ஸ்பீக்கர் காயில் சூடேறும். ட்வீட்டர் முதலில் போகும்.

சரியான வழி கஷ்டமில்லை. பாஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் சமம், லவுட்னஸ் ஆஃப். செட் வால்யூம் முக்கால். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, சப்வூஃபருக்கான வழியில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டு, ஆம்ப்பின் அவுட்புட்டில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும். 100 வாட்ஸ், 4 ஓம் என்றால் 20 வோல்ட். அதோடு கெயினை நிறுத்துங்கள். வாட்ஸ் என்றால் ஆர்எம்எஸ் வாட்ஸ். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'மேக்ஸ்' கணக்கை நம்பினால் கோவிந்தாதான். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், சப்வூஃபருக்கு அதற்கு மேலே வெட்டுங்கள். இரண்டும் சண்டை போடாது. சப்வூஃபர் பெட்டியைக் கட்டாயம் கட்டிப்போடுங்கள். சடன் பிரேக்கில் அந்தப் பெட்டி உங்கள் முதுகைத் தேடி வரும்.

காது? 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். மூடிய காருக்குள் அந்த அளவைத் தொடுவது இந்தச் செட்டுகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. இறங்கிய பிறகும் காதில் 'கொய்ங்' என்கிறதா? அடிபட்டுவிட்டது. உட்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பின் சீட்டில் குழந்தை இருந்தால் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் சைரன் கேட்காத டிரைவர் யாருக்கும் நல்லவர் இல்லை.

பில் வாங்கினீர்களா? இன்ஷூரன்ஸில் இந்த செட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கம்பெனி மாட்டித் தராத எலக்ட்ரிக்கல் பொருள்களுக்கு ஐஎம்டி 24 என்ற பிரிவு இருக்கிறது. செட் விலையைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்குக் காப்பீடு. ஒரிஜினல் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் வாரண்டியிலும் தகராறு வரும். வெட்டாமல் மாட்டும் கப்ளர் கிடைக்கிறது. அதைக் கேளுங்கள்.

டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு 10 எம்எம் ஸ்பேனர் போட்டுவையுங்கள். பெரும்பாலான கார்களின் பேட்டரி முனைக்கு அதுதான் அளவு. புகை வந்தால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுங்கள். உடனே எல்லோரும் இறங்குங்கள், குழந்தையை முதலில் இறக்குங்கள். புகை மட்டும்தான், தீ இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் பானெட்டைத் திறந்து மைனஸ் முனையைக் கழற்றுங்கள். தீ தெரிந்தாலோ, பானெட் கொதித்தாலோ திறக்கவே கூடாது. காற்று பட்டால் குபுக்கென்று எழும்பும். தள்ளி நின்று 101 அல்லது 112 அழையுங்கள். உள்ளே இருக்கும் போனை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.