மேலே ஏறித் தொல்லை தரும் இளம் நாய்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் முயல் விரட்டிப் பழகிய இனங்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வேட்டை போனாலும் ஓட்டம் போகவில்லை. காவலுக்கென்று பகலெல்லாம் சங்கிலியில் கட்டினால் தொல்லைதான்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை இவை ஆள் காலிலும், சாக்கு மூட்டையிலும், ஆட்டுக்குட்டி மீதும் ஏறி இடுப்பை ஆட்டும். காமவெறி என்று அடிப்பவர் பலர். பெட்டை நாயும் இப்படிச் செய்வதுண்டு! பெரும்பாலும் இது அடக்கி வைத்த துடிப்பே. அடித்தால் மிரளும், கடிக்கவும் துணியும். சிரித்தால் விளையாட்டென்று எண்ணி மீண்டும் ஏறும்.

ஏறத் தொடங்கியதும் பேசாமல் விலகிவிட வேண்டும். பிறகு உட்காரச் சொல்லி, உட்கார்ந்தால் முள் நீக்கிய அவித்த மீன் ஒரு துண்டு கொடுக்கலாம். வெயில் ஏறுமுன்னும் அந்தியிலும் அரைமணி நேரம் நீண்ட கயிற்றில் தேரி மணலிலோ கடற்கரையிலோ ஓட்டுவது நலம். குட்டிகள் உள்ள பட்டியில் தனியே விடக்கூடாது.

காயடித்தால் குறையும், ஊறிய பழக்கம் முழுதும் போகாது. வளர்ச்சி முடிந்து, ஒரு வயதுக்குமேல் செய்வது நல்லது. குறியை ஓயாமல் நக்கினாலோ, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பாக்கியிருந்தால் அன்றே போட்டுவிடலாம்.